செப்டிக் டேங்க் குழிக்கு ஆள் தேடின கதை

இன்னிக்கு மேட்டர் கொஞ்சம் நாத்தம் பிடிச்சது. சாப்பிட்டுக்கிட்டே படிக்கிற பழக்கம் உள்ளவங்க தட்டைக் கழுவி வச்சுட்டு வந்து படிங்க :)

சாத்தூர் பக்கம் நாங்க வீடு கட்டிக்கிட்டு இருக்கோம். முப்பதுக்கு ஐம்பது மனை, ஏறக்குறைய மூணரை சென்ட். டைல்ஸ் என்ன கலர்னு வீட்ல மூணு ஞாயித்துக்கிழமை சண்டை நடந்துச்சு. சமையல் மேடைக்கு கருப்பு கிரானைட்டா பச்சையான்னு அம்மாவும் அத்தையும் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசிக்கல. ஆனா செப்டிக் டேங்க் பத்தி ஒருத்தர் ஒரு வார்த்தை பேசினதில்லை. அத்தை மட்டும் "வாயு மூலையில வச்சிருங்க, வேற எங்கயும் வச்சிராதீங்க"ன்னு சொன்னாங்க. வாஸ்துப்படி வடமேற்கு. அவ்ளோதான் எங்க வீட்டுப் பொறியியல்.

செமஸ்டர் லீவுல போன எனக்கு அப்பா கொடுத்த வேலை, "குழிக்கு ஆள் பாத்து ரேட் கேட்டு வை". சும்மா ஜேசிபி கூப்பிட்டா தோண்டிட்டுப் போகப் போறான், இதுல கேக்க என்ன இருக்குன்னு தான் எல்லாரும் நினைப்போம். எனக்கென்னவோ வீட்டு வேலையிலயே ரொம்ப ஜாக்கிரதையா ஆள் பிடிக்க வேண்டியது இதுக்குத்தான்னு தோணுது. பெயிண்ட் சரியில்லைன்னா அடுத்த பொங்கலுக்கு வேற அடிச்சுக்கலாம். இதை மண்ணைப் போட்டு மூடிட்டா அப்புறம் உள்ள என்ன இருக்குன்னு செஞ்சவருக்கு மட்டும் தான் தெரியும். அவரும் பணம் வாங்கிட்டுப் போயிருவார்.

முதல்ல வந்தவர் சொந்தமா ரெண்டு ஜேசிபி வச்சிருக்கிற காண்ட்ராக்டர். பைக்கை விட்டு இறங்காமலே மனையை ஒரு பார்வை பார்த்தார்.

"அண்ணாச்சி, பத்துக்கு எட்டு, ஆழம் பத்தடி. அடியில காங்கிரீட் வேண்டாம், சும்மா விட்ருவோம், தண்ணி தானா மண்ணுல இறங்கிரும். இருபது வருசத்துக்கு நிறையாது. நான் கேரண்டி."

அப்பாவுக்கு முகம் மலர்ந்துபோச்சு. சித்தப்பா வீட்லயும் இதே மாதிரி டேங்க் தான். பதினெட்டு வருசமா ஒரு தடவை கூட லாரி கூப்பிட்டதில்லைன்னு ஒவ்வொரு விசேஷத்துலயும் சொல்லிக் காட்டுவார். நம்ம ஊர்ல செப்டிக் டேங்குக்கு அது தான் பெருமை. நிறையக் கூடாது.

இங்க ஒரு சின்ன கணக்கு. செப்டிக் டேங்குக்குன்னு இந்திய தரநிலை ஒண்ணு இருக்கு, ஐ.எஸ். 2470. அதுல அஞ்சு பேர் இருக்கிற வீட்டுக்கு சொல்லியிருக்கிற அளவு, நீளம் 1.5 மீட்டர், அகலம் 0.75 மீட்டர், தண்ணி நிக்கிற ஆழம் சுமார் 1 மீட்டர். கன அடியில போட்டா ஒரு நாப்பது. காண்ட்ராக்டர் சொன்னது 800. கிட்டத்தட்ட இருபது மடங்கு! அவர் ஏன் அவ்ளோ பெருசு சொல்றார்னு யோசிச்சா பதில் ஒண்ணும் கஷ்டமில்லை. வண்டிக்கு மணிக்கணக்குல வாடகை. எட்டு யூனிட் மண்ணை வெளிய கொண்டு போட டிப்பருக்கு லோடு கணக்குல காசு. அப்புறம் நாலு பக்கமும் பத்தடிக்கு செங்கல், சிமெண்ட், பூச்சு. குழி பெருசாக ஆக பில்லும் பெருசாகும். இதுல நம்மளும் சந்தோஷமா தலையாட்டுறோம், அது தான் வேடிக்கை.

சரி, பெருசா இருந்தா நல்லது தானேன்னு கேப்பீங்க. செப்டிக் டேங்க் சேத்து வைக்கிற பீப்பாய் இல்லைங்க. உள்ள வர்ற தண்ணி ஒண்ணு ரெண்டு நாள் அசையாம நிக்கணும். கனமானது அடியில கசடா படியும், எண்ணெய்ப் பசை மேல ஆடையா மிதக்கும், நடுவுல இருக்கிற ஓரளவு தெளிஞ்ச தண்ணி மட்டும் வெளியேற்ற குழாய் வழியா போகும். அந்தக் குழாய் வாயில ஒரு டி வளைவு வைப்பாங்க. மேல மிதக்கிற ஆடை வெளிய போகாம தடுக்க அது. அடியில படிஞ்ச கசடை காத்து இல்லாம வாழ்ற பாக்டீரியா கொஞ்சம் கொஞ்சமா தின்னும். முழுசா தின்னு தீர்க்காது. மிச்சத்தை ரெண்டு மூணு வருசத்துக்கு ஒருக்கா லாரி வச்சு உறிஞ்சணும். அதாவது நிறையறது தான் அதோட இயல்பு.

இருபது வருசம் நிறையாத டேங்க்னா என்ன அர்த்தம்? அடியில பூசாம விட்டதால அழுக்குத் தண்ணி எல்லாம் அப்படியே மண்ணுக்குள்ள போயிக்கிட்டு இருக்கு. எங்க மனைக்கு மேற்கே பக்கத்து வீட்டுக் கிணறு, வேலியில இருந்து பன்னிரண்டு அடி. வாயு மூலையில தோண்டினா குழிக்கும் கிணத்துக்கும் நடுவுல பதினஞ்சு அடி தான் மிஞ்சும். இப்படிப்பட்ட தண்ணியை மண்ணுக்குள்ள விடுற இடம் குடிநீர் ஆதாரத்துல இருந்து 18 மீட்டராவது தள்ளி இருக்கணும்னு அதே தரநிலை சொல்லுது. ஏறக்குறைய 60 அடி. எங்க மனையோட ஒரு மூலையில இருந்து எதிர் மூலைக்கு நாடா பிடிச்சாலே 58 அடி தான் வருது. மூணு சென்ட், நாலு சென்ட்டுன்னு மனை போட்டு, ஒவ்வொண்ணுலயும் ஒரு போரும் ஒரு டேங்கும் போட்டுக்கிட்டு இருக்கோமே, நம்ம ஊர் புறநகர்ல முக்கால்வாசி மனைக்கு இந்தக் கணக்கு எப்படி ஒத்து வரும்? வராது. அதனால தான் டேங்க் ஒழுகாம இருக்கணும்ங்கறது இன்னும் முக்கியமாகுது.

ரெண்டாவதா வந்தவர் சிமெண்ட் உறை இறக்குறவர். "ரெண்டு வரிசை உறையை இறக்கி மேல மூடி போட்ரலாம், ஒரே நாள் வேலை." விலை பாதி தான். ஆனா உறைக்கும் உறைக்கும் நடுவுல இருக்கிற இணைப்பை உள்ள வெளிய பூசி, அடித்தளமும் போட்டுத் தருவீங்களான்னு கேட்டேன். "அதெல்லாம் யாரும் கேக்க மாட்டாங்க தம்பி"ன்னார். நாங்க கேக்குறோமேன்னு சொன்னேன். போன் வந்துச்சு, பேசிக்கிட்டே போனவர் திரும்ப வரல.

மூணாவது ஆள் எங்க கட்டிட வேலையில இருந்த சித்தாள் அக்கா சொல்லி வந்தவர். அறுபது வயசுக்கு மேல இருக்கும், பழைய கொத்தனார். வந்தவுடனே ரேட் சொல்லல, அளவும் சொல்லல. மனையைச் சுத்தி ஒரு நடை நடந்தார். அப்புறம் வரிசையா கேள்வி. வீட்ல மொத்தம் எத்தனை பேரு, விருந்தாளி வந்தா எத்தனை? அந்தக் கிணறு யாரோடது, குடிக்கிறாங்களா? கசடு எடுக்க வர்ற லாரி எங்க நிக்கும், அதோட குழாய் இங்க வரைக்கும் எட்டுமா? போகும்போது நாலாவதா ஒண்ணு, ஐப்பசி மழையில இந்த மனையில தண்ணி தேங்குமா?

முதல் ரெண்டு பேரும் இதுல ஒண்ணு கூட கேக்கல. இவர் தான்னு நான் அப்பவே முடிவு பண்ணிட்டேன். ரேட்டை வச்சு ஆளை எடை போட நமக்குத் தெரியாது, ஏன்னா எது நியாயமான ரேட்டுன்னு நமக்குத் தெரியாது. ஆனா ஒருத்தர் நம்மகிட்ட என்ன கேக்குறார்ங்கறதை வச்சு அவருக்கு என்ன தெரியும்னு கண்டுபிடிச்சிரலாம். டாக்டர்கிட்டயும் இப்படித்தானே பாக்குறோம்?

அப்பா அவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கல. "எட்டுக்கு நாலு, தண்ணி ஆழம் நாலடி போதும்"னு பெரியவர் சொன்னதும், "என்னங்க, தண்ணித் தொட்டி மாதிரி சொல்றீங்க, ரெண்டு வருசத்துல நிறைஞ்சிருமே"ன்னார்.

"நிறையட்டும் அண்ணாச்சி. நிறைஞ்சா லாரி வரும், உறிஞ்சும், போகும். இருபது வருசம் கழிச்சுத் திறந்தா கசடு அடியில கல்லு மாதிரி இறுகிக் கிடக்கும். குழாய் இழுக்காது. அப்ப யாரை உள்ள இறக்குவீங்க?"

இதுக்கு அப்பாகிட்ட பதில் இல்லை. என்கிட்டயும் இல்லை. யாரை இறக்குவாங்கன்னு நம்ம எல்லாருக்கும் தெரியும், எந்தத் தெருவுல இருந்து கூட்டிட்டு வருவாங்கன்னும் தெரியும். சட்டப்படி அது குற்றம். 2013ல வந்த கையால் மலம் அள்ளும் தொழில் தடைச் சட்டம், தகுந்த பாதுகாப்பு இல்லாம ஒருத்தரை சாக்கடைக்குள்ளயோ செப்டிக் டேங்குக்குள்ளயோ இறக்கி வேலை வாங்குறதை தடை பண்ணுது. முதல் தடவைக்கே ரெண்டு வருசம் வரை சிறை, இல்லைன்னா ரெண்டு லட்சம் வரை அபராதம், இல்லைன்னா ரெண்டும். நகராட்சிக்கு மட்டும்னு நினைச்சிராதீங்க, வீட்டுக்காரருக்கும் தான். இறந்தவங்க குடும்பத்துக்கு 10 லட்சம் கொடுக்கணும்னு 2014ல உச்ச நீதிமன்றம் சொல்லுச்சு. 2023 அக்டோபர்ல அதை 30 லட்சமா உயர்த்துச்சு. உயர்த்த வேண்டிய அவசியம் வந்ததுல இருந்தே சாவு நிக்கலைன்னு புரிஞ்சுக்கலாம்.

அடுத்து பெரியவர் சொன்னது தான் எனக்கு சுத்தமா புதுசு. முதல் காண்ட்ராக்டர் ரேட்ல ஒரு வரி இருந்துச்சு, "மேல் காங்கிரீட், சென்ட்ரிங் உட்பட". அதைப் பாத்துட்டு பெரியவர், "இது மட்டும் வேண்டாம்"னார். டேங்க் மேல மூடி காங்கிரீட் போட உள்ள பலகை அடிச்சு முட்டுக் கொடுப்பாங்க. ரெண்டு வாரம் கழிச்சு, ஆள் இறங்குற ஓட்டை வழியா ஒரு பையன் உள்ள போய் பலகையைப் பிரிச்சு வெளிய கொடுப்பான். புது டேங்க், ஒரு சொட்டு கழிவு கூட விழலை, இதுல என்ன ஆபத்துன்னு நானும் தான் கேட்டேன்.

அவர் இளவட்டமா இருந்தப்ப கூட வேலை பாத்தவர் ஒருத்தர் அப்படி இறங்கி, பலகையில கை வச்ச இடத்துலயே உக்காந்துட்டாராம். என்னாச்சுன்னு பாக்க இன்னொருத்தர் இறங்கியிருக்கார். ரெண்டு பேரையும் தூக்கித் தான் வெளிய எடுத்திருக்காங்க. "டேங்க்ல சாணி வாசம் கூட கிடையாது தம்பி. புது சிமெண்ட் வாசம் தான்." இதுக்கு மேல அவர் அதைப் பத்தி பேசல, வெத்தலைப் பொட்டலத்தைப் பிரிச்சார்.

காரணம் ஒண்ணும் மர்மம் இல்லை. மூடின டேங்குக்குள்ள மழைத்தண்ணியோ காங்கிரீட்டுக்கு ஊத்தின தண்ணியோ தேங்கி நிக்கும். ஈரப் பலகை, சாக்கு, சவுக்கு முட்டு எல்லாம் அதுல ஊறி அழுக ஆரம்பிக்கும். அழுகல் உள்ள இருக்கிற ஆக்சிஜனைத் தின்னுட்டு கரியமில வாயுவை விடும். வழக்கமா காத்துல 21 சதவீதம் ஆக்சிஜன். அது பாதியா குறைஞ்சா ஆள் எச்சரிக்கையே இல்லாம மயங்கி விழுவார். மூச்சு முட்டுற உணர்வு கூட வரணும்னு அவசியமில்லை. பழைய டேங்க்ல இதோட ஹைட்ரஜன் சல்பைடும் சேரும். அழுகின முட்டை நாத்தம் அடிக்குமே, அது. செறிவு கூடினா மூக்கு மரத்துப் போய் அந்த நாத்தமும் தெரியாது. நாத்தம் போயிருச்சுன்னு நினைச்சு இறங்கிருவாங்க. புது டேங்க்ல பலகை பிரிக்கப் போய் இறந்த செய்திகளை அதுக்கப்புறம் தேடிப் படிச்சேன். ஒரே மாதிரி கதை, ஊர் பேர் மட்டும் வேற. பல செய்தியில ரெண்டாவதா இறந்தவர் காப்பாத்தப் போனவர்.

பெரியவர் முறை ரொம்ப எளிமை. மூடியை டேங்க் மேல வார்க்காம, தரையிலயே ஒன்றரை அடி அகலப் பலகைகளா கம்பி கட்டி வார்த்து, காஞ்சதும் நாலு பேர் தூக்கி வரிசையா அடுக்கி இடுக்கைப் பூசிடறது. உள்ள பலகையே கிடையாது, அதனால யாரும் இறங்கவும் வேண்டாம். செலவு? சென்ட்ரிங் கூலி மிச்சம். இதை ஏன் எல்லாரும் செய்ய மாட்டேங்கறாங்கன்னு எனக்கு இன்னும் புரியல.

தோண்டுற நாள் பத்தி ரொம்ப நீட்டல. ஜேசிபிக்கு மணிக்கு 1,200 ரூபாய்னு பேச்சு. வண்டி ஷெட்டை விட்டு கிளம்பினதுல இருந்தா, குழியில பக்கெட் இறங்கினதுல இருந்தான்னு முன்னாடியே கேட்டு வச்சுக்கோங்க. வண்டியில மணி காட்டுற மீட்டர் இருக்கும், தொடங்கும்போதும் முடிக்கும்போதும் அதை போட்டோ எடுத்துக்கலாம், சண்டையே வராது. மேல நாலடி கரிசல், அதுக்குக் கீழ சரளையும் சுக்காம்பாறையும். பத்தடி தோண்டியிருந்தா பிரேக்கர் வண்டி தனியா கூப்பிட வேண்டி வந்திருக்கும். எங்க ஆழத்துக்கு பக்கெட்டே போதுமா இருந்துச்சு. தோண்டின மண்ணை குழி விளிம்புல குவிக்க பெரியவர் விடவே இல்லை. கரிசல் காஞ்சா பாளம் பாளமா வெடிக்கும், ஈரமானா ஊதும். விளிம்புல பாரம் ஏத்தினா கரை சரிஞ்சு உள்ள நிக்கிறவர் மேல விழும். ஆபரேட்டர் முணுமுணுத்துக்கிட்டே நாலடி தள்ளிக் கொட்டினார்.

இடத்தையும் மாத்தினோம். எங்களுக்கு வடக்குப் பார்த்த மனை, ரோடு வடக்கே. வாயு மூலையில இருந்து டேங்கை கிழக்கே நகர்த்தி ரோட்டோரமா மனையோட நடுவுக்குக் கொண்டு வந்தாச்சு. லாரி குழாய் எட்டும், கிணத்துல இருந்தும் தள்ளியாச்சு. அத்தைகிட்ட "வடமேற்குல தான், கொஞ்சம் வடக்கா சாய்ஞ்சிருக்கு"ன்னு அப்பா சமாளிச்சார். டேங்கை விட முக்கியம் அதுல இருந்து வெளிய வர்ற தண்ணியை எங்க விடறதுங்கறது. பெரியவர் கரிசல்ல ஒரு சின்னக் குழி பறிச்சு தண்ணி ஊத்தினார். மறுநாள் காலையில பாதி தண்ணி அப்படியே நின்னுச்சு. கரிசல் அப்படித்தான், உறிஞ்சாது. அதைத் தாண்டி ஆழமா உறிஞ்சுகுழி தோண்டினா பாறை வெடிப்பு வழியா தண்ணி வடிகட்டாமலே ஓடிரும், எந்தக் கிணத்துல போய் நிக்கும்னு யாருக்கும் தெரியாது. அதனால கிழக்கு ஓரமா நீளவாக்குல மூணடி ஆழத்துக்கு வாய்க்கால் வெட்டி, கருங்கல் ஜல்லியும் மணலும் நிரப்பி, மேல கல்வாழை நட்டாச்சு. பாதி தண்ணியை செடியும் வெயிலும் பாத்துக்கும்னார். அத்தை அதைப் பூப்பாத்தின்னு நினைச்சுக்கிட்டு இருக்காங்க. யாரும் சொல்லிராதீங்க :)

மூடறதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம் செஞ்சோம். டேங்க்ல விளிம்பு வரைக்கும் நல்ல தண்ணி நிரப்பி, கோடு கிழிச்சு, ஒரு நாள் முழுக்க விட்டுப் பாத்தோம். பூச்சு ஊறி அரை விரக்கடை இறங்குச்சு, அதுக்கப்புறம் அசையல. இறங்கிக்கிட்டே இருந்தா எங்கயோ ஒழுகுதுன்னு அர்த்தம், பூச்சை மறுபடி பாக்கணும். அப்புறம் உள்ள இருக்கிற தடுப்புச் சுவர் (நீளத்துல மூணுல ரெண்டு பங்கு தூரத்துல இருக்கு), ரெண்டு டி வளைவு, மாடிக்கு மேல வரை போற காத்துக் குழாய், எல்லாத்தையும் அளவு நாடாவோட போட்டோ எடுத்து வச்சேன். காத்துக் குழாய் வாயில கொசு வலை கட்டாத வீடுகளை எண்ணிப் பாருங்க, உங்க தெருவுல கொசு எங்க இருந்து வருதுன்னு தெரியும்.

மொத்தச் செலவு முதல் காண்ட்ராக்டர் சொன்னதுல பாதிக்கும் கொஞ்சம் கூட. பெரியவர் கூலி மட்டும் தனியா பார்த்தா மத்தவங்களை விட அதிகம். அப்பா அதைக் குறைக்கப் பேசினார், அவர் குறைக்கல.

அந்த லாரிக்காரங்க உறிஞ்சினதை எங்க கொண்டு போய் கொட்டுறாங்கங்கறது இதோட அடுத்த பாதி. செங்கல்பட்டு மாவட்டம் கருங்குழி மாதிரி சில இடங்கள்ல கசடு சுத்திகரிப்பு நிலையமே இருக்கு. நிறைய ஊர்ல கண்மாய்க் கரை தான். லாரி கூப்பிடறப்ப லைசென்ஸ் இருக்கா, எங்க கொட்டுவீங்கன்னு கேக்கறதுக்கு நமக்கு வாய் வரணும். மூணு வருசம் கழிச்சு கூப்பிட வேண்டிய மாசத்தை அப்பா கரண்ட் மீட்டர் பெட்டிக் கதவுல பெயிண்ட்ல எழுதி வச்சிருக்கார்.

இன்னும் ஒண்ணு தீரல. கல்வாழை வாய்க்காலுக்கும் பக்கத்து வீட்டுக் கிணத்துக்கும் இப்ப நாப்பது அடி. அறுபது இல்லை. அந்த வீட்டு ஆச்சி அதுல இருந்து தான் குடிக்கத் தண்ணி எடுக்கறாங்க. வாய்க்கால்ல தண்ணி விடறதுக்கு முன்னாடியே கிணத்துத் தண்ணியை ஒரு தடவை குடிநீர் வடிகால் வாரியம் லேப்ல கொடுத்துப் பாக்கணும்னு பெரியவர் சொன்னார். அப்ப தான் பின்னாடி ஏதாவது கலந்தா நம்மளாலயா, முன்னாடியே இருந்ததான்னு தெரியும். ஆச்சிகிட்ட போய் கேட்டேன். "எங்க மாமனார் காலத்துக் கிணறு, அதுக்கு என்ன டெஸ்ட்டு?"ன்னு சிரிச்சாங்க. பாட்டில் ரெண்டு கழுவி வச்சிருக்கேன். கிரகப்பிரவேசத்துக்கு இன்னும் மூணு வாரம் இருக்கு, அதுக்குள்ள சம்மதிக்க வைக்கணும்.